அரிசோனாவில் ஆக்கிய கட்டுச்சோறு

தம்பி,

நீ பத்திரமாக டெக்சாஸில் இருக்கும் ரவுண்ட் ராக் போய்ச் சேர்ந்ததையும், அந்தப் பெரிய வண்டியைக் கழுவித் துடைத்து வாடகைக்கு விட்டவரிடம் ஒப்படைத்ததையும் அம்மா சொன்னாள். கூடவே இன்னொரு செய்தியும் சொன்னாள். நீ பார்த்து வைத்திருக்கும் புது வீட்டில் கீழ்த்தளத்திலேயே ஓர் அறை இருக்கிறதாம். குளியலறையும் அதோடு சேர்ந்தே இருக்கிறதாம், மாடிப்படி ஏறும் வேலை கிடையாதாம். அது எங்கள் இருவருக்கும் என்று நீ முடிவு செய்திருக்கிறாய். வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அப்பா நிரந்தரமாக எங்களோடு இருக்கச் சம்மதிக்கிறாரா என்று கேட்டுச் சொல் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டாலும் "யோசித்துச் சொல்றேன்" என்றுதான் சொல்லியிருப்பேன், அது உனக்கும் தெரியும். அதனால்தான் உன் தங்கை பாப்பாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ கேட்டதற்கான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு வந்து சேர எனக்குக் கொஞ்ச நேரமாகும்.

முதலில் ஃபோனில் குரலைப் பதிவு செய்து அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். பேசிப் பார்த்தேன், போட்டுக் கேட்டேன், அழித்துவிட்டேன். கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்திலும் குறிப்பு கையில் இல்லாமல் வகுப்பறைக்குள் போகாதவன் நான். எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும். இதை வேறு யாராவது படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. இங்கே சாயங்காலம் பூங்காவைச் சுற்றி நடக்கும் என் வயதுக்காரர்களில் பலருக்கு இதே கேள்வி பிள்ளைகளிடமிருந்து வந்திருக்கிறது. பதில் தெரிந்தும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் ஒரு தகப்பன் மகனுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதையும் போன மாதம் கலிஃபோர்னியா எல்லையில்தான் கற்றுக்கொண்டேன்.

நீ முழுப் பயணத்திலும் கூட இருந்தாய், உனக்கு எதற்கு அந்தக் கதை என்று தோன்றும். ஆனால் நீ ஓட்டிக்கொண்டிருந்தாய். உன் முன்னால் சாலை இருந்தது. நாங்கள் இருவரும் பின்னால், அந்தக் குட்டிச் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாத்திரங்கள் அலமாரிக்குள் உருண்ட சத்தத்தில் நாங்கள் எங்களுக்குள் பேசியது எதுவும் உனக்குக் கேட்டிருக்காது. எனவே அந்தப் பயணத்தில் பாதிதான் உனக்குத் தெரியும்.

பாப்பாவுக்கு எட்டாம் மாதம். டாக்டர் விமானத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். நம் ஈரோட்டுப் பக்கத்துக் கட்டுச்சோறு வழக்கப்படி பிறந்த வீட்டில் பல வகைச் சோறு ஆக்கி, மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய், பெண் வாழும் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, அப்படியே பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அழைத்து வர முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். சோற்றையாவது கொண்டு போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு விமானத்தில் எவ்வளவு சோறு கொண்டு போக முடியும் என்று நீதான் கேட்டாய். ஆர்.வி. என்கிற வீட்டுவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், வழியில் கிராண்ட் கேன்யனையும் பார்த்துவிடலாம், அம்மா வெளியில் சாப்பிட வேண்டியிருக்காது, அடுப்பும் ஃப்ரிட்ஜும் கழிப்பறையும் கூடவே வரும் என்றாய். நல்ல யோசனை. உன் யோசனைகள் எப்போதுமே நல்லவைதான். அவற்றுக்கு நான்தான் சரியான நேரத்தில் பதில் சொல்வதில்லை.

கிளம்புவதற்கு வெகு நாள் முன்பே அம்மா புளிக்காய்ச்சல் காய்ச்சினாள், வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள், முறுக்கு பிழிந்தாள். பிறகு பேக்யார்டில் இருக்கும் எலுமிச்சை மரத்தில் காய் முழுவதையும் பறித்தாள். கராஜில் குளிர் படாமல் வைத்து வளர்த்த கறிவேப்பிலைச் செடியிலிருந்து கொத்துக் கொத்தாக ஒடித்து ஈரத் துணியில் சுற்றினாள். பாப்பா வீட்டில் வைப்பதற்கென்று சின்னக் கன்று ஒன்றையும் தொட்டியோடு எடுத்து வைத்தாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"கலிஃபோர்னியாவுல இதெல்லாம் விட மாட்டாங்கன்னு நெனைக்கறேன்" என்றேன்.

"நெனைக்கறீங்களா, தெரியுமா?"

"பாத்துச் சொல்றேன்."

"பாத்துச் சொல்லுங்க. எல்லாமே நம்ம வீட்டுதா இருக்கோணும். கடையில வாங்கி ஆக்கறதுன்னா அத்தனை தூரம் எதுக்குப் போறது? பாப்பாவே வாங்கி ஆக்கிக்குவாளே."

பார்த்தேன். உன் கணினியில்தான் பார்த்தேன். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம், வருடா வருடம் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அரிசி நொய்யை விடச் சின்னதாக ஒரு பூச்சி கறிவேப்பிலையில் ஒட்டிக்கொண்டு போய், எலுமிச்சை மரங்களுக்கும் ஆரஞ்சு மரங்களுக்கும் ஆறாத நோயைக் கொடுத்துவிடும். அதனால்தான் இலையையும் கன்றையும் வெளி மாநிலத்திலிருந்து வரும் காயையும் கலிஃபோர்னியா உள்ளே விடுவதில்லை. நெடுஞ்சாலையிலேயே, நம் வாளையார் செக்போஸ்ட் மாதிரி, வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு தூங்கிவிட்டாள். மறுநாள் அவள் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். வண்டி கிளம்பியபோது எலுமிச்சை ஃப்ரிட்ஜில் இருந்தது, கன்று குளியலறைத் தொட்டிக்குள் நின்றது. "வழியில ஏதாச்சும் கேட்பாங்களாப்பா?" என்று நீ போகிற போக்கில் கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் "பாத்துக்கலாம்" என்று நீயே சொல்லிவிட்டாய். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது.

வழியெல்லாம் நீ சந்தோஷமாக இருந்தாய். கிராண்ட் கேன்யன் விளிம்பில் எங்களை நிறுத்திப் படம் எடுத்தாய். அம்மா அந்தப் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெருசாத்தான் இருக்குது. சோறு போட்டறட்டுமா?" என்றாள். நீ சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அதற்கு மறுநாள்தான் அரிசோனாவையும் கலிஃபோர்னியாவையும் பிரிக்கும் கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். கொஞ்ச தூரத்தில் சாலை அகன்று, சுங்கச் சாவடி மாதிரி கூரை போட்ட வரிசைகள் வந்தன. எல்லா வண்டிகளும் வேகம் குறைத்தன.

காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் உன் ஜன்னலருகே வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். டெக்சாஸ் என்றாய். பழம், காய், செடி ஏதாவது இருக்கிறதா என்றார். நீ ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "நோ மேம், ஜஸ்ட் குக்டு ஃபுட்" என்றாய். அவர் தலையாட்டி, போகலாம் என்று கையைத் தூக்கப் போனார். அப்போதுதான் பின்னாலிருந்து என் குரல் எனக்கே கேட்டது. "மேடம், தேர் ஆர் கறி லீவ்ஸ். அண்ட் லெமன். அண்ட் ஒன் ஸ்மால் பிளான்ட்."

நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் கழுத்து மட்டும் சிவந்தது. அந்தப் பெண் அதட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி உள்ளே ஏறி வந்தார். அம்மா தானாகவே எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள், குளியலறைக் கதவையும் திறந்து காட்டினாள். வீடு பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது மாதிரிதான் காட்டினாள். இங்கேயே ஒப்படைத்துவிட்டுப் போகலாம், அல்லது திரும்பி மாநிலத்துக்கு வெளியே போய்விடலாம், எது வேண்டுமோ செய்யுங்கள் என்றார் அந்தப் பெண். அம்மா ஈரத் துணியைப் பிரித்து, கறிவேப்பிலையை ஒருமுறை தடவிவிட்டு, மறுபடியும் சுற்றினாள். அவள் அழுதிருந்தால் கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த நேரத்தில்தான் நான் இன்னொரு கேள்வி கேட்டேன். சமைத்துவிட்டால் கொண்டு வரலாமா என்று. அந்தப் பெண் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். சமைத்தது எதுவானாலும் பிரச்சினை இல்லை என்றார். கன்றை மட்டும் அம்மாவே அவர் கையில் கொடுத்துவிட்டாள். "இதைப் பொரிக்க முடியாதுல்ல" என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

நீ வண்டியைத் திருப்பினாய். பாலத்தை மறுபடி தாண்டியதும் பேசினாய். நீ பேசியதை வரிக்கு வரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

"ஏனுங்கப்பா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுட்டு வீட்ல சொல்லலை. என்கிட்ட சொல்லலை. அம்மாகிட்ட சொல்லலை. யூனிஃபார்மைப் பாத்ததும் சொல்றீங்க."

"பொய் சொல்லக் கூடாதில்ல தம்பி."

"நான் சொன்ன பொய் அம்மாவுக்காக. நீங்க சொன்ன உண்மை யாருக்காக?"

அம்மா குறுக்கே வந்தாள். "விடு சாமி, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டினாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்காகத்தான் சொன்னேன். அந்தப் பூச்சி ஞாபகத்தில் இல்லை, எலுமிச்சைத் தோட்டங்கள் ஞாபகத்தில் இல்லை. படித்த பாடமெல்லாம் பிற்பாடு வந்து என்னை நியாயப்படுத்தியது. அந்த நொடியில் இருந்தது பயம் மட்டும்தான். வண்டியைச் சோதிப்பார்கள், கண்டுபிடிப்பார்கள், என் பெயரை எழுதிக்கொள்வார்கள் என்ற பயம். வாழ்நாள் முழுவதும் என்னை நேர்மையானவன் என்று சொன்னார்கள். அதில் எவ்வளவு நேர்மை, எவ்வளவு நடுக்கம் என்று பிரித்துப் பார்க்க இந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னது பொய்தான், நான் சொன்னது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே உண்மையை முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவளிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால், அவள் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்து, எல்லாவற்றையும் வீட்டிலேயே காய்ச்சி எடுத்து வந்திருப்பாள். செக்போஸ்ட்டில் சொன்னதால் அது காட்டிக்கொடுப்பதாகப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி இதுதான், தம்பி. வேறு எதுவும் என்னிடம் இல்லை. உனக்கு மனைவியாக வருபவளிடம் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிவிடு, முதல் நாளே சொல்லிவிடு. அவள் வேலையாக இருக்கிறாள், தூங்குகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள், இதெல்லாம் காரணம் இல்லை. மூன்றாம் மனிதர் முன்னால் நின்று அதையே சொல்லும்படி ஆகிவிடும். அப்போது நீ சொல்வது சரியாகவே இருந்தாலும், அவள் பக்கத்தில் நீ இல்லாதவனாக ஆகிவிடுவாய். அம்மா என்னை எதுவும் சொல்லவில்லை என்பதை நீ பார்த்தாய். சொல்லவில்லை என்பதால் அவள் மனது புண்படவில்லை என்று ஆகாது.

ஆற்றின் அரிசோனாப் பக்கக் கரையில் ஆர்.வி. நிறுத்தும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்து நீ வண்டியை நிறுத்தினாய். மின்சாரம் இணைத்தாய், தண்ணீர்க் குழாய் மாட்டினாய், பிறகு ஆற்றங்கரைக்குப் போய்விட்டாய். வெளியே வெயில் அடுப்பை விட மோசமாக இருந்தது. உள்ளே நாங்கள் சமைக்க ஆரம்பித்தோம். எனக்குச் சமையல் தெரியாது. ஆனால் சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்வேன். எலுமிச்சையை நறுக்கிப் பிழிந்தேன், விதைகளை ஒன்று விடாமல் எடுத்தேன். அம்மா அந்தச் சாற்றைப் பச்சை மிளகாயும் பெருங்காயமும் போட்டு எண்ணெயில் காய்ச்சி, சோற்றில் பிசைகிற பதத்துக்குக் கொண்டு வந்தாள். இலைகளை உருவி, கழுவி, துணியில் ஒற்றி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, வறுத்த பருப்போடு மிக்ஸியில் பொடித்தாள். வண்டி முழுவதும் அந்த வாசனை நிறைந்துவிட்டது. தோலையும் காம்பையும் இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டினேன். பக்கத்து வண்டியில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வந்து எட்டிப் பார்த்து, எதைக் கொளுத்துகிறீர்கள் என்று கேட்டார். அம்மா அவருக்கு ஒரு கச்சாயம் கொடுத்தாள். அவர் அதைத் தின்றுவிட்டு மனைவியையும் அழைத்து வந்தார்.

அவர்கள் போன பிறகு அம்மா மேசையில் வந்து உட்கார்ந்தாள். கையெல்லாம் எண்ணெய். என்னைப் பார்க்காமல் பேசினாள். நீ ஆற்றங்கரையில் இருந்ததால் உனக்குக் கேட்காத பேச்சு இது.

"எனக்குச் சலிப்பா இருக்குதுங்க."

"வெயிலு. கொஞ்சம் படுத்துக்கோ."

"வெயிலைச் சொல்லலை. கடைக்குப் போறதுக்குத் தம்பியைக் கேக்கோணும். கோயிலுக்குப் போறதுக்குக் கேக்கோணும். அவன் முகம் கோணாமக் கூட்டிட்டுத்தான் போறான், அவனைக் குத்தம் சொல்லலை. ஆனா நான் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டேன். இன்னைக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் கேக்க வேண்டியதாப் போச்சு. இந்த வயசுல எனக்கு இது ஆகாதுங்க. பாப்பாவுக்குப் பிரசவம் பாத்துப்போட்டு, தம்பி கல்யாணத்தை முடிச்சுப்போட்டு, நாம ஈரோடு போயிரலாம். நம்ம ஃபிளாட்டு பூட்டித்தானே கிடக்குது. கீழ எறங்குனா மளிகைக் கடை, எதுத்தாப்புல மருந்துக் கடை. எனக்கு அது போதும்."

"தம்பி சம்மதிக்க மாட்டான்."

"நீங்க சொன்னாச் சம்மதிப்பான். நான் சொன்னா, அம்மா கோவத்துல சொல்றான்னு நெனைச்சுக்குவான். நீங்களே சொல்லிப்போடுங்க. வீடு வாங்கறதுக்கு முன்னால சொல்லிப்போடுங்க. நமக்குன்னு பெருசா வாங்கிட்டான்னா அப்புறம் நாம போக முடியாது."

"சொல்றேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படி எழுதினால் அது உண்மையாக இருக்காது.

மறுநாள் காலையில் மறுபடி பாலத்தைத் தாண்டினோம். உனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கறிவேப்பிலைப் பொடியைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுச் சாப்பிட்டது காரணமாக இருக்கலாம். அந்தக் கூரைகள் கண்ணில் பட்டதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அப்பா, செக்போஸ்ட் வருது. ஏதாச்சும் சொல்லோணும்னா இப்பவே சொல்லிருங்க" என்றாய். பாதி கிண்டல், பாதி சமாதானம். எனக்கு எதிரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். ஈரோட்டுப் பேச்சை எடுக்க அதை விட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. "ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். இந்த முறை வேறொரு அதிகாரி. எல்லாம் சமைத்தது என்றாய், அவர் பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எங்களை அனுப்பிவிட்டார். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஃப்ரீமாண்டில் பாப்பா இருக்கும் தெருவில் அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த இடமில்லை என்று மாப்பிள்ளை முன்னால் நடந்து வழிகாட்ட, நீ நூலகத்துக்குப் பின்னால் கொண்டு போய் நிறுத்தியதும், அங்கேயே அரிசி வைத்து இறக்கி எல்லாச் சோற்றையும் அம்மா கிளறி முடித்ததும் உனக்குத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பாத்திரங்களைத் தூக்கிப் போனீர்கள். நாகர்கோவில்காரரான மாப்பிள்ளைக்கு இந்த வழக்கமே புதிது. இலையில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வரிசையாக விழுந்ததைப் பார்த்து, "மாமா, எங்க ஊர்ல இத டூர் போறதுக்குல்லா கட்டுவாவ?" என்றார். "நாங்களும் டூர்தான் வந்திருக்கோம் மாப்ளே" என்று நீ சொன்னாய். பாப்பா சிரித்தாள், புரையேறியது, அம்மா தலையில் தட்டினாள். எலுமிச்சைச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் பாப்பா. "இது நம்ம மரத்துக் காயாம்மா?" என்று கேட்டாள். அம்மா "ஆமா" என்றாள். அந்த ஒரு ஆமாவுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பாடு முடிந்த பிறகு நடந்ததை நீ தற்செயல் என்று நினைத்திருப்பாய். தற்செயல் இல்லை. பெண்ணை அழைத்துப் போகாமல் கட்டுச்சோறு முடியாது என்பது அம்மாவின் மனதில் இருந்தது. வாயால் கேட்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் நினைத்துக்கொள்வார்களோ, பாப்பா முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அன்றைக்கு நான் பாப்பாவிடம் போய், "கண்ணு, கொஞ்ச நேரம் நம்ம வண்டிக்கு வந்து படுத்துக்கறயா? அம்மா கூட்டிட்டுப் போகோணும்னு நெனைக்கறா" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அவள் உடனே செருப்பைத் தேடினாள். நீ ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து படிக்குக் கீழே போட்டாய், ஏசியைப் போட்டாய், திரைகளை இழுத்துவிட்டாய். அவள் அம்மாவின் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினாள். அம்மா காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டாள். பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போயாகிவிட்டது என்ற திருப்தி அவள் முகத்தில் இருந்தது. ஒரு கேள்வியை நேரத்தில் கேட்டால் இவ்வளவு நடக்குமா என்று நான் வெளியே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நீ டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதும் உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ மறுநாள் கிளம்பியபோது, வண்டி திருப்பத்தில் மறையும் வரை கையாட்டினேன். அப்போதும் சொல்லவில்லை.

என் பக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு ரவுண்ட் ராக் பிடித்திருக்கிறது, தம்பி. அங்குள்ள நூலகமும், ஓடைக்கரையில் நடக்கும் பாதையும், அங்கே என்னைப் பார்த்தால் கையசைக்கும் தபால்காரரும் எனக்குப் பிடிக்கும். உன் கார் கராஜுக்குள் வரும் சத்தத்துக்கு என் சாயங்காலங்கள் பழகிவிட்டன. என்னை மட்டும் கேட்டால் அந்தக் கீழ்த்தள அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவேன். ஈரோட்டில் மூன்றாம் மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எங்கள் இருவரில் ஒருவர் விழுந்தால் நீ இங்கிருந்து வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் செய்வது சரிதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா கேட்டு ஓய்ந்துவிட்டாள் என்பது தெரியும். நான் அவளுக்காகக் கேட்டது மிகவும் குறைவு என்பதும் தெரியும்.

எனவே வெள்ளிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நாங்கள் உன் கல்யாணம் முடிந்ததும் ஈரோட்டுக்குப் போகிறோம். அங்கேயேதான் இருப்போம். வருடத்துக்கு ஒரு முறை விருந்தாளியாக வருவோம், உடம்பு இடம் கொடுக்கும் வரை. அந்த அறை இருக்கிறது என்பதற்காக அந்த வீட்டை வாங்காதே. உங்கள் இருவருக்கும் எந்த வீடு பிடிக்கிறதோ, அவளையும் கூட்டிப் போய்க் காட்டி, அதை வாங்கு. படி இருந்தாலும் பரவாயில்லை.

உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். வழக்கமாக நீ கோபமாகக் கூப்பிட்டால் நான் ஃபோனை அம்மாவிடம் நீட்டிவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவேன். இதைப் படித்ததும் கூப்பிடு. நானே எடுக்கிறேன். நீ பேசி முடிக்கும் வரை ஃபோன் என் கையில்தான் இருக்கும்.

அப்பா